பிணங்களை மோதும் வண்டி
(ஜமாஅத் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்று விந்தையானது. இதே கூடத்தில் வரதட்சணை பற்றிப் பேசியிருக்கிறோம். வட்டிக் கொடுமை பற்றிப் பேசியிருக்கிறோம். பிள்ளைகளின் உயர்கல்வி பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். நடைப்பிணங்களின் மீது வண்டியை ஏற்றி நசுக்கும் வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றிப் பேசுவது இதுவே முதன்முறை. சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். எனினும் இது நிர்வாகக் குழுவின் முன் எழுத்து மூலமான மனுவாகவே வந்துவிட்டபடியால், சிரித்துவிட்டு நகர்ந்துவிட இயலவில்லை.

மனுவில் பெற்றோர் சிலர் இரண்டு கோரிக்கைகளை வைத்துள்ளனர். இத்தகைய விளையாட்டுகள் உள்ள கைப்பேசிகளைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்துவிட வேண்டுமென்று ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்புச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. மக்தபில் ஓதவரும் பிள்ளைகள் இனி இவற்றை விளையாடுவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இது கொலைக்குப் பயிற்சி என்பது அவர்களது அச்சம். மறுபுறம் நம் வாலிபர்களோ, "இது வெறும் விளையாட்டு, செத்த பிணத்தைத்தானே மோதுகிறோம்" என்கின்றனர். இரு சாராரையும் தனித்தனியே சந்தித்தோம். மனுவில் கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோர் அவ்விளையாட்டைப் பத்து நிமிடம்கூடப் பார்த்ததில்லை. அதற்கு வக்காலத்து வாங்கியவர்களோ அந்தப் பிணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டதில்லை. ஆகவே விளையாட்டையும் பிணத்தின் பூர்வீகத்தையும் முதலில் சொல்லிவிட்டு, அதன்பின் மனுவுக்கு வருவோம்.

இவ்வகை விளையாட்டுகள் பல உண்டு. எடுத்துக்காட்டாக ஒன்றைக் கொள்வோம். அதன் பெயர் "ஏர்ன் டு டை". 2010களின் தொடக்கத்தில் கணினியில் இலவசமாக ஆடும் சிறு விளையாட்டாக வெளிவந்து, பின்னர் கைப்பேசிக்கும் வந்து, அடுத்தடுத்த பாகங்களையும் கண்டது. கதை இரண்டு வரிதான். உலகெங்கும் இறந்தோர் எழுந்து நடமாடுகின்றனர். பாலைவனத்தின் நடுவே நீங்கள் தனியாக அகப்பட்டுக்கொண்டீர்கள். கையில் ஓர் ஓட்டை வண்டி. நெடுந்தொலைவில் காத்திருக்கும் மீட்புக் கப்பலை அடைந்தால் தப்பிக்கலாம். திரையில் வண்டியைப் பக்கவாட்டில் காண்கிறோம். அது இடமிருந்து வலமாக மேட்டிலும் பள்ளத்திலும் ஓடுகிறது. வழியெங்கும் நடைப்பிணங்கள் நிற்கின்றன. மோதினால் சிதறுகின்றன.

பெட்ரோல் சிறிது தூரத்திலேயே தீர்ந்துவிடும். வண்டி நின்றவுடன் கணக்குக் காட்டப்படுகிறது: இத்தனை தூரம் ஓடியதற்கு இவ்வளவு, இத்தனை பிணங்களை நசுக்கியதற்கு இவ்வளவு. அந்தப் பணத்தைக் கொண்டு பட்டறையில் இன்ஜினை மாற்றலாம், சக்கரத்தை மாற்றலாம், பெட்ரோல் டாங்கைப் பெரிதாக்கலாம், முன்புறம் கூர்முனைகள் பொருத்தலாம், கூரைமேல் துப்பாக்கி வைக்கலாம். பிறகு மறுநாள். அதே பாலைவனம், அதே மேடு, அதே பிணங்கள். முன்பைவிடச் சற்றுக் கூடுதல் தூரம். மீண்டும் பெட்ரோல் தீர்கிறது. ஆட்டம் முழுவதும் இவ்வளவே. திருக வேண்டிய புதிர் ஏதுமில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை மிகச் சொற்பம். வேகத்தைக் கூட்டுவது, வண்டி குப்புறக் கவிழாமல் முன்னும் பின்னும் சாய்ப்பது, இருந்தால் உந்துவிசையைத் திறந்துவிடுவது ஆகியவற்றை அறிந்தால் போதும்.

இத்துணை எளிமையான ஒன்று பிள்ளைகளைப் பிடித்துவைப்பது எவ்வாறு? நாம் அதனை ஆடிப் பார்த்தோம். குழுவினரில் அறுபதைத் தாண்டியவர் ஒருவர், "இன்ஜின் வாங்க இன்னும் கொஞ்சம்தான் குறைகிறது" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பித் தர மறுத்ததையும் பார்த்தோம். சூத்திரம் அங்கேதான் இருக்கிறது. முதல் வண்டியால் அந்தப் பாலைவனத்தைக் கடக்கவே முடியாது. கடக்க முடியாதபடிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தோற்பவன் தன்னை நொந்துகொள்வதில்லை, வண்டியை நொந்துகொள்கிறான். வண்டியோ திருத்தக்கூடியது. மேலும் எந்த ஓட்டமும் வீணாவதில்லை. எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் கையில் கொஞ்சம் காசு நிற்கும். அந்தக் காசு அடுத்த பொருளின் விலைக்குச் சற்றே குறைவாக நிற்கும்போது, எழுந்து போக மனம் வருமா? ஓர் ஓட்டம் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். "இன்னும் ஒரே ஒரு தடவை, உம்மா" என்று பிள்ளை கெஞ்சுவது பொய்யன்று. ஒவ்வொரு தடவையும் அது உண்மையாகவே ஒரு தடவைதான்.

இவ்வகைக் கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஓட்டம் முடிந்ததும் ஒரு விளம்பரத்தை முழுமையாகப் பார்த்தால் கூலி இரட்டிப்பாகும் என்று காட்டப்படுகிறது. பிள்ளை பார்க்கிறது. விளையாட்டு இலவசம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, விலையைப் பிள்ளையின் கண்கள் செலுத்திக்கொண்டிருக்கின்றன. மனுவில் இரத்தத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர்கள் இவ்விளம்பரங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்பது நமக்கு வியப்பே.

பெற்றோர் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி, நாம் எடுத்துக்காட்டிய அந்த விளையாட்டுக்கு முடிவு உண்டு. பயணம் நிறைவேறினால் கதை முடிகிறது. எத்தனையாவது நாளில் முடித்தீர்கள் என்று கணக்குச் சொல்லிவிட்டு விடைகொடுக்கிறது. அப்படி முடித்த பிள்ளைகள் பெரும்பாலும் சில நாட்களில் அதனை மறந்துவிடுவதையும் கண்டோம். முடிவே இல்லாமல் அமைக்கப்பட்டவையும் உண்டு. சாலை தீராது, பரிசு தீராது, தினமும் வந்து கையொப்பமிட்டால் ஒரு பெட்டி, வராவிட்டால் கோத்த சங்கிலி அறுந்துவிடும். இவ்விரண்டாம் வகையில் ஒரு துளி இரத்தமும் இல்லாமல், வண்ணவண்ண மிட்டாய்கள் மட்டுமே இருக்கலாம். பிள்ளையின் இரவுத் தூக்கத்தைப் பொறுத்தமட்டில், பிணம் இருக்கும் முடிவுள்ள விளையாட்டைவிட மிட்டாய் இருக்கும் முடிவற்ற விளையாட்டே அதிகம் கவலைக்குரியது என்பது நமது கருத்து.

இனிப் பிணத்தின் பூர்வீகம்.

வண்டியை ஏற்றி உருவங்களை நசுக்கும் விளையாட்டு நேற்று முளைத்ததன்று. 1976இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலிருந்த எக்ஸிடி என்னும் நிறுவனம், காசு போட்டு ஆடும் பெட்டி இயந்திரமாக "டெத் ரேஸ்" என்பதனை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைத் திரை. ஒரு ஸ்டியரிங் சக்கரம். காலுக்கு ஒரு பெடல். திரையில் வெண்புள்ளிகளாலான குச்சி உருவங்கள் ஓடும். அவற்றைத் துரத்தி மோத வேண்டும். மோதினால் ஒரு கீச்சொலி எழும். அவ்விடத்தில் கல்லறைச் சிலுவை ஒன்று முளைக்கும். எதிர்ப்புக் கிளம்பியது. அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு மன்றம் கண்டித்தது, செய்தித்தாள்கள் எழுதின, தொலைக்காட்சி பேசியது. அவை மனிதர்கள் அல்ல, கிரெம்லின் எனப்படும் குட்டிப் பிசாசுகளே என்று தயாரிப்பாளர்கள் விடை கூறினர். ஆனால் உருவாக்கத்தின்போது அவ்விளையாட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் "பாதசாரி" என்பதாகும்! வீடியோ விளையாட்டின் வன்முறையை எதிர்த்து எழுந்த முதல் பெரும் கூக்குரல் இதுவே. கூக்குரலின் பயன் என்னவெனில், இயந்திரம் முன்னிலும் அதிகமாக விற்பனையாயிற்று.

அதனைவிடத் தெளிவான வழக்கு 1997இல் பிரிட்டனில் நடந்தது. இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவில் இயங்கிய ஸ்டெயின்லெஸ் என்னும் சிறு நிறுவனம் "கார்மகெடான்" என்ற விளையாட்டை உருவாக்கியது. பெயருக்கு அது கார்ப் பந்தயம். பந்தயச் சுற்றுகளை ஒழுங்காக ஓடி முடித்தும் வெல்லலாம். எதிரிகளின் வண்டிகளையெல்லாம் நொறுக்கியும் வெல்லலாம். தெருவில் நடந்துசெல்லும் அத்தனை பேரையும் மோதிக் கொன்றும் வெல்லலாம். கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும், ஒவ்வொரு பாதசாரியை மோதும்போதும் கூடுதல் நொடிகள் கிடைக்கும். அதாவது ஓட்டுநர் உயிர்பிழைத்திருக்கும் நேரமே பிறர் உயிரிலிருந்து எடுக்கப்பட்டது. பிரிட்டனின் திரைப்படத் தணிக்கை வாரியம் அதற்குச் சான்றிதழ் வழங்க மறுத்தது. பிரேசில் நாடு முற்றாகத் தடை செய்தது.

வெளியீட்டாளர்கள் என்ன செய்தனர் தெரியுமா? பாதசாரிகளை ஜாம்பிகளாக மாற்றினர். சிவப்பு இரத்தம் பச்சையாயிற்று. அவ்வளவுதான். பிரிட்டனில் விளையாட்டு விற்பனைக்கு வந்துவிட்டது. ஜெர்மனியில் இன்னும் ஒரு படி சென்று, பாதசாரிகளை இயந்திர மனிதர்களாக்கி, இரத்தத்துக்குப் பதில் கறுப்பு எண்ணெய் வழியுமாறு செய்தனர். ஏறத்தாழப் பத்து மாதங்கள் மேல்முறையீடு நடந்து, பின்னர் மூல வடிவத்துக்கே பிரிட்டனில் சான்றிதழ் கிடைத்தது என்பது வேறு கதை.

நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவாகும். வண்டி அதே வண்டி. தெரு அதே தெரு. வேகம், மோதல், துள்ளி விழும் உடல், கிடைக்கும் பரிசு யாவும் அவையே. மோதுகின்ற விரலும் அதே விரல். மாறியது எதிரே நிற்பவனின் தோல் நிறமும் இரத்த நிறமும் மட்டுமே. நேற்று அனுமதிக்க இயலாததாக இருந்த செயல் இன்று கடையில் விற்கும் பொருளாயிற்று. ஆட்டத்தில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. ஆடுபவனின் மனம் உறுத்தாதிருக்கும்பொருட்டு, எதிரே இருப்பவன் மட்டும் மனிதக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டான். நம் வாலிபர்கள் "செத்த பிணத்தைத்தானே மோதுகிறோம்" என்று கூறும் சமாதானம் அவர்களாகக் கண்டுபிடித்ததன்று. அது ஒரு தணிக்கைச் சிக்கலுக்குத் தீர்வாக, விலை போட்டு, ஏற்கெனவே விற்கப்பட்ட சமாதானம்.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிடுவோம். 1976இன் அந்தப் பழைய இயந்திரத்தில் முளைத்த சிலுவைகள் மறைவதில்லை. அவை வண்டிக்கு இடையூறாக அங்கேயே நிற்கும். மோத மோத, ஓட்டுவதற்கு இடம் சுருங்கிக்கொண்டே வரும். செய்ததன் அடையாளம் செய்தவனின் வழியிலேயே நின்றது. இன்றைய பாலைவன விளையாட்டிலோ, மோதப்பட்ட உடல் திரையின் இடது ஓரம் வழியாக வெளியேறிவிடுகிறது. மறுநாள் அதே இடத்தில் அதே பிணம் புதிதாக நிற்கிறது. அந்த நிறுவனத்தார் அறநெறி கருதிச் சிலுவையை வைத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆட்டம் கடினமாக வேண்டும் என்பதற்காகவே வைத்திருப்பர். இருப்பினும் பார்ப்பவர் மனத்தில் அவ்விரண்டும் ஒன்றாகா.

ஜாம்பி என்னும் சொல்லுக்கு வருவோம். இதன் தாயகம் கரீபியக் கடலிலுள்ள ஹெய்ட்டி. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அது கரும்புத் தோட்டங்களின் நாடாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் அத்தோட்டங்களில் மாண்டனர். அவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை, இறந்தபின் ஆன்மா தாய்நாட்டுக்குத் திரும்பிவிடும் என்பது. அந்த விடுதலையும் கிட்டாமல், சூனியக்காரன் ஒருவன் பிணத்தை எழுப்பி, சொந்தச் சித்தம் இல்லாத உடலாக்கி, என்றென்றும் வேலை வாங்குவான் என்ற அச்சமே ஜாம்பி நம்பிக்கையின் உட்கருவாகும். 1804இல் அடிமைகளே போராடி வென்று ஹெய்ட்டியைச் சுதந்திர நாடாக்கினர். நம்பிக்கை மட்டும் நீடித்தது. அவர்கள் ஜாம்பியைக் கண்டு அஞ்சியதைவிட, தாம் ஜாம்பியாக்கப்பட்டுவிடுவோமோ என்றே அதிகம் அஞ்சினர். அங்கே ஜாம்பி வேட்டைக்குரிய மிருகமன்று. இறந்த பின்னும் கூலியின்றி உழைக்கும் பாவப்பட்ட மனிதன்.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் ஹெய்ட்டியை ஆக்கிரமித்திருந்தன. அக்காலத்தில்தான் இச்சொல் அமெரிக்கர்களிடையே பரவியது. 1929இல் வில்லியம் சீப்ரூக் என்பாரின் பயண நூல் வெளிவந்தது. 1932இல் "ஒயிட் ஜாம்பி" என்னும் திரைப்படம் வந்தது. அப்படத்தில் கரும்பாலைக் காட்சி ஒன்று உண்டு. நடைப்பிணங்கள் மௌனமாக ஆலையைச் சுற்றுகின்றன. ஒருவன் அரைவைக்குள் விழுந்துவிடுகிறான். மற்றவர்கள் நிற்பதில்லை, ஆலையும் நிற்பதில்லை. அதுவரையிலும் ஜாம்பி ஏழைத் தொழிலாளியின் உருவமாகவே இருந்தது.

உயிருள்ளோரைத் தின்னவரும் பிணக்கூட்டமாக அது மாறியது 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த திரைப்படத்துக்குப் பின்னரே. வியப்பு என்னவெனில், அப்படத்தில் ஜாம்பி என்ற சொல்லே கிடையாது. "கூல்" என்றே அவை அழைக்கப்பட்டன. அச்சொல் அரபியிலிருந்து சென்றது என்பதனை நம் ஆலிம்கள் கேட்டவுடனேயே அறிவர். பாலைவன வழிப்போக்கரை வழிதவறச் செய்து விழுங்கும் என்று பண்டைய அரபியர் அஞ்சிய உருவம்தான் கூல். வில்லியம் பெக்ஃபோர்டு 1786இல் வெளியிட்ட கதை வழியாக அது ஆங்கிலத்தில் குடியேறியது. வானில் அல்கோல் என்று ஒரு விண்மீன் உண்டு. மூன்று நாட்களுக்குள் ஒருமுறை ஒளி மங்கி மீளும் அதன் பெயரும் கூலின் தலை என்னும் அரபுத் தொடரிலிருந்தே வந்தது. ஆகப் பாலைவனத்தில் கூல்களை மோதும் இந்த விளையாட்டில், பாலைவனமும் கூலும் ஒரு வகையில் பழைய உறவினர்களே.

இந்த இடத்தில், "உண்மையில் நடைப்பிணம் யார்? இரவெல்லாம் கைப்பேசியை வெறித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளையன்றோ!" என்று சொன்னால் மேடையில் கைதட்டல் கிடைக்கும். நாம் அதனைச் சொல்லப் போவதில்லை. பிள்ளையைப் பிணமென்று அழைத்துவிட்டு, பிறகு அதனிடம் எதனைப் பேச முடியும்?

மனுதாரர்களின் அச்சத்துக்கு வருவோம். இவ்விளையாட்டுகள் பிள்ளைகளைக் கொலைகாரர்களாக்குமா? ஆய்வுகள் பல நடந்துள்ளன. பிரிட்டனில் 14, 15 வயதுடைய ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. வன்முறை விளையாட்டுகளை ஆடுவதற்கும் பிள்ளைகளின் மூர்க்க நடத்தைக்கும் தொடர்பு எதனையும் அது காணவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானம், கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு மூர்க்கச் செயல்களோடு இவ்விளையாட்டுகளுக்குச் சிறிதளவு தொடர்பு உண்டு என்றும், கொடிய வன்செயல்களுக்கு இவற்றைக் காரணம் காட்டப் போதிய சான்று இல்லை என்றும் கூறிற்று. ஆகவே கொலைப் பயிற்சி என்ற குற்றச்சாட்டை நாம் சுமத்தலாகாது. சான்றில்லாத குற்றச்சாட்டைப் பிள்ளையின் மீது சுமத்தினால், சான்றுள்ள அறிவுரையையும் அது கேளாமற் போகும்.

சான்றுள்ளது எது? உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டில், விளையாட்டுக் கோளாறு என ஒன்று இடம்பெற்றுள்ளது. எந்த விளையாட்டு, அதில் இரத்தம் உண்டா என்று அது கேட்பதில்லை. நிறுத்த முடிகிறதா, படிப்பு உறவு உறக்கம் எல்லாவற்றையும் விட விளையாட்டு முன்னே வந்துவிட்டதா, கெடுதல் தெரிந்த பிறகும் தொடர்கிறதா என்று கேட்கிறது. அதுவும் பெரும்பாலும் பன்னிரண்டு மாதங்கள் நீடித்தால்தான் நோய் என்கிறது. விளையாடும் பிள்ளைகளில் மிகச் சிலரையே அது குறிக்கும். நம் ஊரில் அத்தகைய பிள்ளை ஒன்றோ இரண்டோ இருப்பின், அதற்கு மருத்துவர் வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அதற்கு மருந்தாகாது.

சாலையைப் பற்றியும் ஒரு தாயார் கேட்டார்கள்: இதனை ஆடியவன் நாளை பைக்கையும் இப்படித்தானே ஓட்டுவான்? நியாயமான கவலை. ஆனால் நமக்குக் கைப்பேசியிலுள்ள வண்டியைவிட வாசலில் நிற்கும் வண்டியே பயமூட்டுகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர்; அவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினருக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். பதினெட்டு வயது நிறையாதவன் வண்டியோட்டிக் குற்றம் நிகழ்ந்தால், வண்டியைத் தந்த பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. கைப்பேசியைப் பூட்டி வைக்கக் கோரி மனு எழுதிய வீடுகள் சிலவற்றில், பத்தாம் வகுப்புப் பிள்ளை கடைக்குப் போக ஸ்கூட்டர் சாவி ஆணியில் தொங்குவதை நாம் அறிவோம். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. நம் ஊரில் பெரியவர் ஒருவர், பக்கவாதத்திற்குப் பின் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து, ஒரு வக்தும் தவறாமல் பள்ளிக்கு வருகிறார். ஒரு கை மடங்கியபடியே இருக்கும். வாய் சற்றுக் கோணியிருக்கும். அவரை மக்தபுப் பிள்ளைகள் சிலர் தமக்குள் "ஜாம்பி" என்று அழைக்கின்றனர். ஒருவன் அவர் நடையை நடித்துக் காட்ட, மற்றொருவன் கைகளால் ஸ்டியரிங் பிடித்து, வாயால் இன்ஜின் ஒலி எழுப்பி மோத வருகிறான். அவர் காதில் அது விழுந்திருக்கிறது. வீட்டில் சொல்லி அழுததாக அவருடைய மகள் நம்மிடம் தெரிவித்தார்கள். நாம் ஒளுச் செய்யும் ஹவுளைக் கட்டிய கொத்தனார்களில் அவரும் ஒருவர். இது அப்பிள்ளைகளுக்குத் தெரியாது. நம்மில் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

விளையாட்டு இல்லாவிடினும் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்திருப்பர் என்பீர்கள். உண்மை, நம் காலத்தில் நாம் வைத்த பெயர்களும் நினைவில்லாமல் இல்லை. அப்பெயர்கள் மனிதரைக் கேலி செய்தன. இந்தப் பெயரோ, இவரை மோதினால் வருந்தத் தேவையில்லை என்னும் பொருளைத் தன்னோடு கொண்டு வந்திருக்கிறது. ஹெய்ட்டியில் அடிமைக்கு நேர்ந்ததும், 1997இல் பாதசாரிக்கு நேர்ந்ததும் இந்தச் சொல்லின் வயிற்றில் இருக்கின்றன. ஆடும் விரல் கொலை செய்யாது என்பதில் நமக்கு ஐயமில்லை. எதிரே வருபவரை மனிதக் கணக்கிலிருந்து நீக்கிவிட ஒரே ஒரு சொல் போதும் என்ற பழக்கம் மட்டும், விரலிலிருந்து நாவுக்கு வந்துவிட்டதோ என்று அஞ்சுகிறோம். எல்லா விளையாட்டும் இப்படியன்று என்பதையும் சொல்ல வேண்டும். போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2009இல் வெளியிட்ட "ஜாம்பி டிரைவர்" என்பதிலும் வண்டியால் பிணங்களை நசுக்குவதே வேலை; ஆயினும் அங்கே நகரத்தில் சிக்கியோரைத் தேடி, வண்டியில் ஏற்றி, பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதே நோக்கம். அதில் சில முகங்களேனும் மிஞ்சியிருக்கின்றன.

இனி மனு. ஜும்ஆ அறிவிப்பு வேண்டாம் என்பதே நமது பரிந்துரை. 1976இல் கண்டனம் பெட்டி இயந்திரத்தை விற்றுக்கொடுத்தது. 1997இல் தடை கணினி விளையாட்டை விற்றுக்கொடுத்தது. நம் ஒலிபெருக்கி அறிவித்தால், அதுவரை பெயரே அறியாத பிள்ளைகளும் அன்று மாலையே அதனைப் பதிவிறக்கம் செய்துகொள்வர். எழுதி வாங்குவதும் வேண்டாம். கடைப்பிடிக்க மாட்டான் என்று நமக்கும் அவனுக்கும் தெரிந்த ஒன்றை, பத்து வயதுப் பிள்ளையிடம் பள்ளிவாசலில் வைத்து எழுதி வாங்குவது, அவனுக்கு முதல் பொய்யை நாமே கற்றுக்கொடுப்பதாகும். மனுவில் பணம் வைத்தாடும் சூதாட்டச் செயலிகளையும் இதனோடு சேர்த்து எழுதியிருந்தனர். அவை வேறு; 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. அவற்றில் நமக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது.

வீட்டில் செய்யத்தக்கவை சில உண்டு. இரவு இஷாவுக்குப் பின் கைப்பேசி பெரியவர் அறையில் இருக்கட்டும். பெரியவரின் கைப்பேசியும் அங்கேயே இருக்கட்டும், இல்லையேல் பிள்ளை ஏற்காது. நேரத்தை நிமிடக் கணக்கில் கொடுப்பதைவிட ஓட்டக் கணக்கில் கொடுங்கள். "பத்து நிமிடம்" என்றால் பாதி ஓட்டத்தில் பிடுங்க வேண்டியிருக்கும், சண்டை வரும். "ஆறு ஓட்டம்" என்றால் பிள்ளையே எண்ணிக்கொள்ளும். முடிவுள்ள விளையாட்டா, முடிவற்றதா என்று கேளுங்கள். முடிவற்றதாயின் வேறொன்றைத் தேடித் தாருங்கள். ஒருமுறையேனும் அருகில் அமர்ந்து ஆடிப் பாருங்கள். அப்போது, மோதப்படுவது யார், அவர் முன்பு யாராக இருந்தார் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். விடை வராவிட்டாலும் பரவாயில்லை.

அந்தப் பெரியவரை நேரில் சந்தித்துப் பேசினோம். பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டாம் என்றும், ஹவுள் கட்டிய கதையைச் சொல்லத் தாமே மக்தபுக்கு ஒருநாள் வருவதாகவும் கூறியுள்ளார். அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். உஸ்தாது அன்றைய பாடத்தை அரைமணி நேரம் முன்னதாக முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளார்கள். மனுவில் கையொப்பமிட்ட பெற்றோர் அனைவரும், வருகின்ற ஞாயிறு அஸருக்குப் பின் மக்தபுக் கூடத்துக்கு வர வேண்டும். பிள்ளைகளே விளையாட்டைத் திறந்து நமக்கு விளக்க இசைந்திருக்கின்றனர். கூடத்தில் மின்சுவிட்சு ஒன்றுதான் வேலை செய்கிறது. கைப்பேசியைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.